கெம்பிக்கு யார் கூழ் ஊற்றுவது

“குட்டிக்குப் பங்கு பேசினீங்க, சரி. குட்டி போட்டவளுக்கு யார் கூழ் ஊத்தறதுன்னு யாராச்சும் பேசினீங்களா?”

லூர்தம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது வேலியோரம் நாலைந்து பேர் இருந்தோம். பதினோராம் வகுப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நானும் அவர்களோடு நின்றேன். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் வழியில், காட்டை ஒட்டி லூர்தம்மாளுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் அவரையும் போடுவாள். கணவர் இன்னாசிமுத்து ஓசூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனால் சனிக்கிழமைதான் வீடு திரும்புவார். மற்ற நாளெல்லாம் காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காப்பது அவள் பாடு. துணைக்கு இருந்தது கெம்பி. சிவப்பு நிறம் என்பதால் கன்னடத்தில் வைத்த பெயர். மெலிந்த பெட்டை நாய்தான். ஆனால் பன்றி காட்டைவிட்டு வெளியே வரும் முன்பே அதன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அந்த மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் திம்மராயன் வந்தார். அறுபது செம்மறி வைத்திருப்பவர். அவருடைய ஆண் நாய் கரியன், ஆட்டுக் கிடைக்குள் புகுந்த சிறுத்தையை விரட்டியது. கழுத்தில் அதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு. கரியனுக்கும் கெம்பிக்கும் பிறக்கும் குட்டி என்றால் காட்டோரத்து ஊர்களில் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் பக்கத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாரம் பேசுவது, அதாவது பிறப்பதைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்வது, வழக்கம். நாய்க்கும் அப்படியே பேசினார்கள். மூன்று ஈற்றுக்கு, அதாவது கெம்பி மூன்று தடவை குட்டி போடும்வரை ஒப்பந்தம். குட்டிகளில் பாதி திம்மராயனுக்கு. பொறுக்கி எடுக்கும் முதல் உரிமையும் அவருக்கே. பிறந்த இருபதாம் நாள் எடுத்துக்கொண்டு போகலாம். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக இன்னாசிமுத்து வெற்றிலையை வாங்கிக்கொண்டார். லூர்தம்மாளும் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பசுவை வாரத்துக்கு விட்டால், தீனி யார் போடுவது என்று தனியாகப் பேசுவதில்லை. பால் முழுவதும் வளர்ப்பவருக்கே; பால் வேண்டுமென்றால் அவரே புல் போட்டாக வேண்டும். நாயின் பாலை யார் கறக்கப் போகிறார்கள்? அங்கேதான் தவறிவிட்டார்கள்.

அறுபத்தேழாம் வருடம் தை மாதம் கெம்பி ஆறு குட்டி போட்டது. இருபதாம் நாள் திம்மராயன் மூன்றைக் கூடையில் வைத்து எடுத்துப்போனார். மீதி மூன்றையும் கேட்டிருந்தவர்கள் அதே வாரத்தில் வந்து வாங்கிக்கொண்டார்கள். கெம்பிக்கு மடி கட்டி, கல்லாக இறுகிப் போயிற்று. அது நடக்க முடியாமல் நடந்து, கூடை போன பாதையில் போய்ப் படுத்துக்கொண்டது. லூர்தம்மாள் வெந்நீர்த் துணியால் ஒற்றடம் கொடுத்து மெல்ல மெல்லத் தேற்றினாள்.

ஆடியில் மறுபடி எட்டுக் குட்டி. அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. மனிதருக்கே கூழ் தண்ணீராகத்தான் கிடைத்தது. எட்டும் முட்டி முட்டிக் குடித்ததில் கெம்பியின் முலைக்காம்பெல்லாம் புண். ஒரு நாள் நாலு காலும் வெடவெடவென்று நடுங்கி, வாசலிலேயே சாய்ந்துவிட்டது.

அப்போது மாதாகோயிலில் பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கொடுத்துவந்தார்கள். லூர்தம்மாள் தன் வீட்டுப் பங்கிலிருந்து இரண்டு கை எடுத்து, கேழ்வரகுக் கூழில் கரைத்து நாய்க்கு வைத்தாள். பக்கத்து வீட்டுச் சாந்தம்மா பார்த்துவிட்டாள்.

“ஏம்மா லூர்து, அமெரிக்காக்காரன் கப்பல்ல பவுடர் அனுப்பறது உன் நாய்க்குத்தானா?”

“இவளும் எட்டுப் பிள்ளைக்காரிதான் அக்கா. பேரைப் பதியச் சொல்லிச் சாமியாரைக் கேக்கட்டுமா?”

சாந்தம்மா சிரித்துக்கொண்டே போனாள். சிரித்தாலும் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

குட்டிகள் போன தடவை போலவே பங்கிட்டுப் போயின. கெம்பி பிழைத்தது. ஆனால் உதிர்ந்த முடி சரியாக முளைக்கவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். வயலில் பன்றி வந்தால் எழுந்து நின்று குரைக்கும், ஓடாது. அந்த நிலையில் கார்த்திகையில் மறுபடி பருவத்துக்கு வந்தது. செய்தி எப்படிப் போயிற்றோ, சனிக்கிழமை சாயங்காலம், இன்னாசிமுத்து வந்து சேர்ந்த நேரத்தில், திம்மராயன் கரியனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

லூர்தம்மாள் கெம்பியை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வாசலில் இருந்த ஆட்டுக்கல்லை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

“என்னம்மா இது? மூணு ஈத்துன்னுதானே பேச்சு? ரெண்டுதான் ஆச்சு” என்றார் திம்மராயன்.

“இந்தத் தடவை வேணாண்ணா. தாங்க மாட்டா.”

இன்னாசிமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “வெத்தலைய வாங்கினவன் நான். நாளைக்குச் சந்தையில என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? கதவைத் தொற.”

“கல்லை நவுத்திட்டு நீயே தொறந்துக்க. உள்ள செத்துக் கெடந்தா நீயே தூக்கிப் போடு.”

வேலியோரம் நாலைந்து பேர் கூடிவிட்டோம். திம்மராயன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னார்: “கரியனுக்கு வயசாயிடுச்சு தாயி. அடுத்த வருசம் இருப்பானோ மாட்டானோ. என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு குட்டி சொல்லியிருக்கேன். நீ பேச்சு தவறினா நான் என்ன பண்றது?”

அப்போதுதான், நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியை லூர்தம்மாள் கேட்டாள். அவளே ஆட்டுக்கல்லைத் தள்ளி, உள்ளே போய்க் கெம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரியன் கயிற்றை இழுத்தது. திம்மராயன் அதை வேலிக்கல்லில் கட்டினார்.

“ஆட்டுக்குப் பேசற மாதிரிதானே பேசினீங்க? அப்போ ஆட்டுக்குப் பாக்கற மாதிரியே பாருங்க. சந்தையில கண்ணை மூடிக்கிட்டு முதுகைப் பிடிச்சுப் பாப்பீங்களே, அப்படிப் பாருங்க. இது உங்க செம்மறின்னா கெடாவுக்கு விடுவீங்களா?”

நாற்பது வருடமாக ஆட்டின் முதுகைத் தொட்டே சதை எவ்வளவு என்று சொல்பவர் அவர். கையை நீட்டினார். இடுப்புக்கு மேலே கட்டை விரலும் நடுவிரலும் இரு பக்கமும் அழுந்தின. கை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக விலா வரை வந்தது. கெம்பி அவர் மணிக்கட்டை நக்கியது.

“இதை வெட்டறவன்கூட வாங்க மாட்டான்” என்றார். கையை எடுத்துவிட்டு, “கெடாவுக்கு விட மாட்டேன்” என்றார்.

அங்கேயே மறுபடி பேசினார்கள். அடுத்த கார்த்திகை வரை கெம்பியை விடுவதில்லை. குட்டியை நாற்பத்தைந்தாம் நாள்தான் எடுப்பது. அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல, ஒவ்வொன்றாக. கடைசிக் குட்டி போகும்வரை வாரம் இரண்டு படி கேழ்வரகு திம்மராயன் கொண்டுவந்து தருவது. இந்தத் தடவை வெற்றிலையை லூர்தம்மாளே வாங்கிக்கொண்டாள்.

“கெம்பிக்குக் கவர்மென்ட் உத்தியோகமா, பிள்ளைப்பேறு லீவு குடுக்க?” என்று சாந்தம்மா கேட்டதற்குத் திம்மராயனும் சிரித்தார். ஆனால் சந்தையில், அந்தப் பொம்பளை என்னை மடக்கிவிட்டாள் என்று அவர் பல நாள் குறைபட்டுக்கொண்டதும் உண்மை.

கரியன் அடுத்த கார்த்திகை வரை இருந்தது, நொண்டிக்கொண்டுதான் வந்தது. பிறந்தவை நான்கே குட்டி. திம்மராயன் சந்தைக்குப் போகும் வழியில் கேழ்வரகைக் கொடுத்துவிட்டு, குட்டியைப் பார்க்கும் முன் தாயின் முதுகைத்தான் தொட்டுப் பார்ப்பார். இரண்டு குட்டிகளைக் கொண்டுபோன பிறகும் கெம்பி பாதையில் போய்ப் படுக்கவில்லை. பன்றிக்குப் பின்னால் ஓடியது.

இப்போது எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பங்கு பேசும்போது, தாய்க்குக் கூழ் யார் ஊற்றுவது என்று முதலில் கேட்கும் சிலர் இருக்கிறார்கள். சிலர்தான். இதைப் படிப்பவர்கள் தமக்குத் தெரிந்த, பெட்டை நாய் வளர்க்கும் ஒரு வீட்டிலாவது லூர்தம்மாளின் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால், உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.