பின்னக் கணக்கு நடத்தாத சனிக்கிழமை

ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு ஸ்கூலில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்றாம் வகுப்பு. பாடக்குறிப்பு எழுதவும் கரும்பலகையில் வரி கோணாமல் எழுதவும் நன்றாகப் பழக்கியிருந்தார்கள். பயந்துபோன பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த வருஷம் பர்மாவிலிருந்து வந்த ஒரு பெண் என் வகுப்பில் சேர்ந்தாள். ஒன்பது வயது. அந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டதில், அப்பா அம்மாவும் அவளும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்து, தாய்மாமன் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரி. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்கள் பள்ளி மணி. ஆனால் அதை அடித்ததும் சிலேட்டை எறிந்துவிட்டு என் மேஜைக்கடியில் புகுந்துகொள்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"நடிக்குதும்மா. ரெண்டு போட்டா சரியாப்பூடும்" என்றார் தலைமை ஆசிரியர்.

மூன்றாம் நாள் நானும் அவளை வெளியே இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. பாவாடை நனைந்து மூத்திரம் தரையில் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அவ வேணும்னு பண்ணல டீச்சரம்மா" என்றாள். "அங்க எங்க தெருவுல இதே மாதிரி இரும்பத் தட்டுவாங்கோ. தட்டுனா குண்டு வருதுன்னு அர்த்தம். குழியில போயி பூந்துக்கணும். ஒரு நாளு தம்பியக் கூட்டிக்கினு ஓடுனா. இவ வந்து சேந்தா. கைய உட்ட புள்ள வந்து சேரல."

நேற்று அவளை அடித்தது நான்தான் என்றேன்.

"தெரியும்மா" என்றாள்.

பிறகு தலைமை ஆசிரியரைக் கெஞ்சி, மணியடிக்கும் முன் என் வகுப்பு வாசலில் நின்று கை காட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். "இப்ப சாப்பாட்டு மணி அடிக்கப் போறாங்க" என்று அவளிடம் சொல்வேன். அப்படியும் மேஜைக்கடியில் போனால் போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாளில் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடுவோம். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். என் முறைக்குப் பின்னக் கணக்கு தயார் செய்து போயிருந்தேன். எழுந்து நின்றதும் அதை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை அடித்ததையும், அவள் அம்மா சொன்னதையும், இப்போது மணிக்கு முன் அவளிடம் சொல்லிவைப்பதையும் சொன்னேன்.

"பர்மா புள்ளைக்குத் தனிச் சட்டமா? இன்னாம்மா பேஜாரு இது?" என்று ஒருவர் சிரித்தார்.

பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த சாயபு வாத்தியார் சிரிக்கவில்லை. "என் கிளாஸ்லயும் ரங்கூன் பையன் ஒருத்தன் இருக்கான். கதவச் சாத்துனா கத்துறான். திமிருன்னு நெனச்சி தெனம் வெயில்ல நிக்க வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். "நீங்க மொதல்ல இன்னா பண்ணீங்கோ?"

"அடிக்கிறத நிறுத்துனேன் சார். மத்ததெல்லாம் அவங்கம்மா சொல்லித்தான் தெரிஞ்சது."

அன்று மதியம் வரை அதைத்தான் பேசினோம். நடந்ததைத் துருவிக் கேட்பதா, வேண்டாமா. பெற்றோரை எப்படி அழைப்பது. மற்றப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது. மேற்பார்வைக்கு வந்தவர் கூட்டப் புத்தகத்தில் 'மாதிரிப் பாடம் நடைபெறவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த மாதம் சாயபு வாத்தியார் என்னைத் தேடி வந்து, பையனை வாசலோரம் உட்காரவைத்துக் கதவைத் திறந்தே வைத்திருப்பதாகச் சொன்னார்.

அந்தப் பெண் முழுக்கத் தேறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். தீபாவளி வெடிச் சத்தம் ஓயும்வரை வீட்டைவிட்டு வரமாட்டாள். ஐந்தாவது முடித்ததும் அவள் அப்பாவுக்குச் சென்னையில் மில் வேலை கிடைத்து, குடும்பம் கிளம்பியது. வழியனுப்ப அவளுடைய கூட்டாளிப் பெண்கள் நாலு பேர் ஸ்டேஷன்வரை ஓடினார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன்.