ஐஸில் வந்த ரத்தம்

நூறு வெள்ளையணுக்களை எண்ணினேன். ஒன்றில்கூட நீலம் இல்லை. ‘பூஜ்யம்’ என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

பையனுக்கு ஆறு வயது. அரூரில் தையல்கடை வைத்திருந்த பாயின் மகன். கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. வெளியூரில் சதை எடுத்துப் பார்த்து, கேன்சர் இல்லை, அழற்சியால் வருகிற அபூர்வக் கட்டி என்று சொல்லியனுப்பினார்கள். இப்படிக் கட்டி வருகிற சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், அதையும் பார்த்துவிடு என்றார் எங்கள் டாக்டர். டெஸ்ட்டின் பெயர் என்.பி.டி. மஞ்சள் சாயத்தை ரத்தத்தில் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்து, ஸ்லைடு போட வேண்டும். கிருமியைக் கொல்லத் தெரிந்த வெள்ளையணுவுக்குள் நீலம் படியும். தெரியாததில் படியாது.

பையனுக்குக் காய்ச்சல். அதனால் அரூரிலேயே சாயங்காலம் ரத்தம் எடுத்து, ஐஸ் பிளாஸ்கில் வைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். ரத்தம் என்றால் ஐஸ். எங்களுக்கு அது கைப்பழக்கம். கன்ட்ரோலுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் நல்ல ரத்தத்துக்கு, அப்போதே என் கையில் குத்தி எடுத்துக்கொண்டேன். என்னுடையது நீலமோ நீலம். அபூர்வ நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

பாயிடம் டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். பிறவிக் கோளாறு, ஆயுசுக்கும் மருந்து, சின்னப் புண்கூட ஆபத்து. நான்காம் நாள், மேல்சிகிச்சைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவர் நிமிர்ந்து கேட்டார்: “ஏம்மா, உன் ரத்தத்தையும் ராத்திரி ஐஸ்லயா வெச்ச?”

அன்று மாலை என் ரத்தத்தை ஐஸில் வைத்து, மறுநாள் காலை சாயம் கலந்தேன். நீலத்தைக் காணோம்; ராத்திரிக் குளிரில் அணுக்கள் வேலையை நிறுத்தியிருந்தன. அந்தக் கணக்குப்படி நானும் நோயாளிதான்.

அடுத்த பஸ்ஸில் அரூர் போனேன். பாயின் மனைவி பையனைத் தெருவில் இறங்கவிடாமல் பிடித்துவைத்திருந்தார். தப்பு என்னுடையதாக இருக்கும், திரும்பப் பார்க்கணும் என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கேட்டேன். பாய் திட்டியிருக்கலாம். மெஷினை நிறுத்திவிட்டுப் பையனுக்குச் சட்டை மாட்டினார்.

லேபில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, சூடு ஆறுமுன் சாயம் கலந்தேன். இரண்டிலும் நீலம். அழுதுவிட்டேன், மறைப்பானேன். எழுந்து பாயை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “நல்லதுங்க மேடம். ஆனா பிறவிக் கோளாறுன்னு கேட்டதுல இருந்து, தன்னாலதான் புள்ளைக்கு வந்துச்சுன்னு இவங்கம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கறா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே வந்து சொல்லிடுங்க.”

அன்றே மறுபடியும் அரூர் போய்ச் சொன்னேன். கட்டி பிறகு மருந்திலேயே கரைந்தது.

நோயாளியின் ரத்தம் எந்த வழியில் வந்ததோ, கன்ட்ரோல் ரத்தமும் அதே வழியில் வர வேண்டும். இது தெரியாமல் நான் போட்ட பூஜ்யத்தை, ஒரு அம்மா ஐந்து நாள் தன் குற்றமாகச் சுமந்திருக்கிறார்.