கரி பூசாத விமானம்

வார்டு தலைவர் பணம் கேட்டிருந்தால் ஜெபதாஸ் எங்கேயாவது புரட்டிக் கொடுத்துத் தொலைத்திருப்பார். ஊ சோ நைங் அப்படிப்பட்ட அற்பர் அல்ல. அவர் ஒரு போர் விமானம் கேட்டார்.

யாங்கோனின் தின்கன்ஜூனில் இரண்டாம் மாடி வீடு. மகள் அஞ்சலி, மருமகன் டேவிட், ஜெபதாஸ் என்று மூன்று பேர். போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர் ஜெபதாஸ். மனைவி மரியபுஷ்பம் இறந்தபின் குடிக்கப் போவார் என்று சபையில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்யப் போனார். "மாமா பொம்மை செய்யறாங்க" என்பான் டேவிட். பொம்மை இல்லை, அசலை எழுபத்திரண்டால் வகுத்தது என்பார் ஜெபதாஸ்.

கூடத்து அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய பெருமை இருந்தது. அந்தக் காலத்தில் ஆற்றில் வந்து இறங்கிய விமானம் ஒன்று. முழங்கை நீள இறக்கை. பக்கத்தில் போட்டாதாங் படித்துறை. விரல் கணு உயரத்தில் கயிறு பிடிக்கும் கூலியாள். விமானத்தின் வயிற்றில் யாங்கோன் ஆற்றுச் சேறு, இறக்கையில் காக்கை எச்சம். விமானம் செய்ய ஐந்து மாதம், அதை அழுக்காக்க நான்கு மாதம்.

ஜனவரியில் ஊ சோ நைங் குடும்பப் பட்டியல் சரிபார்க்க வந்தார். டேவிட், வயது முப்பத்தொன்று என்று எழுதினார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலுக்கு அந்த வயது போதும். எழுதி நிமிர்ந்தவர் கண்ணில் அலமாரி பட்டது.

"யாரு செஞ்சது, ஊ தாஸ்?" என்றார் பர்மியில்.

"நான்தான், சயா" என்றார் ஜெபதாஸ், ஐயா என்ற பொருளில்.

"நான் விமானப்படையில பதினெட்டு வருஷம் இருந்தவன்."

அது உண்மை. பதினெட்டு வருஷமும் சமையல்கூடத்தில் இருந்தார். வெங்காயத்தை அவரளவு நெருங்கிப் பார்த்தவர்கள் படையில் குறைவு.

"மார்ச்சுல படை தினத்துக்கு நம்ம வார்டு மண்டபத்துல ஒரு ஜெட் வைக்கணும். ஓடுபாதை, கொட்டகை, ஆளுங்க, எல்லாத்தோடயும்" என்றவர், பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "குலுக்கல் சீட்டு எழுதறது நான்தான். வயசாச்சு. சில பேரு மறந்துபோகுது."

அன்றிலிருந்து டேவிட் பொம்மை என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி இளவயதுக்காரர்களை இறக்குகிறார்கள் என்று பேச்சு. நாள் முழுதும் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, தன் தலைவிதி ஒட்டப்படுவதை வேடிக்கை பார்த்தான்.

ஒட்டுவது லேசாக இல்லை. எப்போதோ ஒரு கப்பல்காரர் விட்டுப்போன, மிக் இருபத்தொன்பது என்ற ஜெட்டின் துண்டுகள் அடங்கிய பெட்டி அது. இடது இறக்கை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. வெந்நீரில் முக்கி, மரப்பலகையில் கட்டி நிமிர்த்தினார். மூக்கும் உடம்பும் சேரும் இடத்தில் தீக்குச்சி நுழையும் இடைவெளி. பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பட்டி வைத்தார். மஞ்சளேறிய ஒட்டுச்சித்திரங்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வெளுக்க வைத்தார். மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்பதால் வேலையெல்லாம் பகலில்தான்.

மார்ச் இரண்டாம் வாரம் விமானம் சாம்பல் நிறத்தில் பளபளவென்று நின்றது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஜெபதாஸ் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கீழ்த்தளத்தில் ஜெயம்மாவின் கடை, வாசலில் ஜெனரேட்டர், உள்ளே அவள் மகன் விநாயகமூர்த்தி தெருவாரின் போன்களுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் குந்தி உட்கார்ந்து, புகைக்குழாயில் படிந்த கரியைச் சுரண்டினார்.

"எங்க ஜெனரேட்டருக்கு மூக்கு சிந்தி விடறீங்களா தாஸ் அண்ணே?" என்றாள் ஜெயம்மா.

"இதைவிட நல்ல கரி காசு குடுத்தாலும் கெடைக்காது ஜெயம்மா."

அஞ்சலி பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அப்பா, பளபளன்னே விட்டுடுங்க. அவங்களுக்கு அதான் புடிக்கும்."

"பளபளன்னா அது கடைப் பொம்மை. மிக் புகை கக்கற ஜென்மம். பின்னாடி கரி இல்லாத மிக் ஒலகத்துலேயே கெடையாது. யாரோ அதுல ஏறி எறங்கின மாதிரி இருக்கணும்."

"ஏறி எறங்கப் போறவன் நான்தான் மாமா," என்றான் டேவிட். "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

மாமனார் காதில் விழவில்லை. இதுதான் இந்த ஜாதி மனிதர்களின் கோளாறு. பொய் சொல்லு, பிழைத்துக்கொள் என்றால் வாயால் ஆயிரம் பொய் சொல்வார்கள். கையால் ஒன்று வராது. இரண்டு எஞ்சினுக்குப் பின்னாலும் கரியைத் தேய்த்தார். மெக்கானிக்குகள் மிதிக்கும் இடத்தில் பெயின்ட் உரிந்ததுபோல் காட்டினார். வயிற்றுக்குக் கீழே எண்ணெய் சொட்டியது. சொட்டைப் பிடிக்க ஒரு தட்டு. தட்டுக்குப் பக்கத்தில், சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மெக்கானிக்.

மண்டபத்தில் ஊ சோ நைங் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது என்ன?"

"எண்ணெய், சயா. எல்லா விமானமும் கொஞ்சம் ஒழுகும்."

"நம்ம விமானம் ஒழுகாது. பின்னாடி கறுப்பா என்ன?"

"புகை..."

"புகையாது. இவன் ஏன் உக்காந்திருக்கான்?"

"களைச்சுப் போயி..."

ஊ சோ நைங் நிமிர்ந்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் ஜெபதாஸுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். "நாளன்னைக்கு மேலேருந்து வர்றாங்க. சீட்டும் நாளன்னைக்குத்தான் எழுதறேன். ஒருவேளை அன்னைக்கு எனக்கு ஞாபகசக்தி நல்லா இருக்கும், ஊ தாஸ்."

அந்த இரண்டு நாளும் ஜெபதாஸ் விமானத்தை விட்டு எழவில்லை. தின்னரில் பஞ்சை நனைத்துக் கரியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் புதுப் பெயின்ட் அடித்தார். எண்ணெய்ச் சொட்டு போயிற்று, தட்டு போயிற்று. உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பி நிறுத்த நேரமில்லை, பிடுங்கி எறிந்தார். ஓடுபாதையில் ஒரு பசைப் பொட்டு மட்டும் மிஞ்சியது. மேலிடத்து ஆள் வந்து, விமானத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே போனார்.

குலுக்கல் டப்பாவில் டேவிட்டின் சீட்டு இல்லை.

அன்று அஞ்சலி மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மோகிங்கா வாங்கி வந்தாள். டேவிட் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். மூன்றாவதுக்குக் கிண்ணத்தை நீட்டும்போது கீழ்த்தளத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. ஒரே ஒரு தரம். அப்புறம் யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

வார்டுக்கு ஐந்து பேர் என்றால் ஐந்து பேர். ஒரு சீட்டு குறைந்ததால் ஐந்து நான்காகிவிடாது. முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவருக்கு இந்தக் கணக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். நீட்டிய கிண்ணத்தை டேவிட் மெல்லக் கீழே வைத்தான்.

மறுநாள் காலை ஜெயம்மா மாடியேறி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து ஜெபதாஸ் எழுந்து நின்றார். அவள் நாற்காலியைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"மூர்த்தி பேரு வந்திருச்சு அண்ணே. பன்னண்டு நாள் இருக்காம்."

"கேள்விப்பட்டேன்."

"உங்க மருமகனை விட்டுட்டாங்க. நல்லாருக்கட்டும், புள்ளகுட்டி பெத்துக்க வேண்டியவரு. எனக்கும் ஒரு ப்ளேன் செஞ்சு குடுங்கண்ணே. ஊ சோ நைங்கைப் போயி பாத்தேன். செஞ்சு கொண்டாந்தா யோசிக்கறேன்னாரு. மாத்து ஆள் லிஸ்ட் ஒண்ணு இருக்காம். மொதல் பேரை ஏத்திட்டு மூர்த்தியை எறக்கிடலாமாம்."

"யாரு அந்த மொத பேரு?"

ஜெயம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "தெரியலண்ணே. நான் கேக்கல."

டேவிட் எழுந்து உள்ளே போய்விட்டான். அஞ்சலி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மண்டபத்து மிக்குக்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டில் வேறு பெட்டி கிடையாது; ஊரிலும் கிடைக்காது. ஜெபதாஸ் இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

ஜெயம்மா மடியிலிருந்து ஒரு பால்பவுடர் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கழுத்து வரை கரி. அவளே சுரண்டியிருக்கிறாள், நகமெல்லாம் கறுப்பு.

"இதுக்குத்தான அன்னைக்கு வந்தீங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்கண்ணே. ஜெனரேட்டரு ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

ஜெபதாஸ் அலமாரிக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, ஆற்று விமானத்தைப் படித்துறையிலிருந்து பிய்த்தெடுத்தார். கூலியாளின் கையில் கயிறு மட்டும் நின்றது. மேஜையில் விமானத்தை மல்லாக்கப் போட்டு, தின்னர் புட்டியைத் திறந்து, வயிற்றிலிருந்த சேற்றில் பஞ்சை வைத்தார். நான்கு மாதச் சேறு ஒரே இழுப்பில் பஞ்சில் ஏறியது.

"கரி வேணாம் ஜெயம்மா," என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "தொடைக்க வெள்ளைத் துணி இருந்தா கொண்டா."