எதிர்ப்பில்லாதவர் வீடு

மொன்றியலின் வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மதுச்சாலை இருக்கிறது. இப்போது அதன் வாசலில் 'நாட்டார் இசை' என்று பிரெஞ்சில் எழுதிய பலகை தொங்குகிறது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் போனால் இருக்க இடம் கிடைக்காது. அந்தப் பலகைக்கான அனுமதியையும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். பலகை தொங்கவிட அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். லொங்குய்யில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவதே நெடுங்காலம் என் தொழிலாக இருந்தது.

பலகை வருவதற்கு முன்பு அது வெறும் குடிக்கிற இடம். மண்ணிறக் கம்பளம், ஹொக்கி ஓடும் தொலைக்காட்சி, சுவரோரம் நாலு சூதாட்ட இயந்திரங்கள். ஓய்வு பெற்றபின் பின்னேரங்களில், நூலகத்துக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு அங்கே போவேன். அவளும் நம்புவதாகக் காட்டிக்கொள்வாள்.

மூலை மேசையில் எப்போதும் ஒரு மன்னார்க்காரர் இருப்பார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஹோட்டல் சமையலறைகளிலேயே காலத்தைக் கழித்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை ஒபிசர் என்பார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. வேலையை விட்டபின் அவருக்குத் தேவாலயமும் அந்த மேசையும்தான் போக்கிடம்.

ஒரு மாரிகாலச் சனிக்கிழமை, அண்ணை தேவாலயப் பாட்டுப் பயிற்சி முடிந்து டோல்கி மேளத்தோடு நேரே அங்கே வந்துவிட்டார். பக்கத்து மேசையில் இந்த ஊர்க் கிழவர் ஒருவர், முன்னாள் பஸ் சாரதி, வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் வாத்தியத்தை மற்றவர் பார்த்தார்கள். அவ்வளவுதான் அறிமுகம். சாரதி கதிரையில் இருந்தபடியே இரண்டு காலாலும் தரையில் தாளம் தட்டி வாசிப்பார். அண்ணை அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே டோல்கியில் பின்தொடர்வார். அவருடைய பிரெஞ்சு முழுக்கச் சமையலறைப் பிரெஞ்சு. வேகம் கூடும்போது, கொதிக்கும் சட்டியோடு வருபவர் வழிவிடச் சொல்லிக் கத்துவதுபோல 'சூடு, சூடு' என்று அந்தப் பாஷையில் கத்துவார். மதுச்சாலையே சிரிக்கும்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இது நடந்தது. ஒருநாள் யாரோ எழுந்துபோய் ஹொக்கியின் சத்தத்தைக் குறைத்தார். ஹொக்கியைச் சாமிபோலக் கும்பிடும் மொன்றியலில் அது லேசான விஷயமல்ல. தகப்பனிடமிருந்து அந்த இடத்தைப் பொறுப்பெடுத்து, ஆட்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி அம்மா, அன்று என்னிடம் வந்து குனிந்து கேட்டார்: இந்த இடத்தை இசைக்கான இடமாக மாற்ற என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் ஆசையாகக் கேட்டதேயில்லை. நான் இளமை திரும்பிய மாதிரி ஆகிவிட்டேன். மேடை வைப்பதற்கான வரைபடம், எத்தனை பேர் இருக்கலாம் என்ற கணக்கு, அவசர வாசல், சத்த அளவு என்று மூலை மேசையில் தாள்களை விரித்தேன். அண்ணை தன் கிளாசை எடுத்து வழிவிட்டார்.

"ஒபிசர், நீர் சும்மா இருக்கப் பயந்துதானே இவ்வளவையும் நிரப்புறீர்?"

"பெர்மிட் இல்லாமத் தட்டினா பொலிஸ் வரும் அண்ணை."

"வரட்டும். அவனுக்கும் ரெண்டு கரண்டி குடுப்பம்."

இந்த ஊர்க்காரர் இரண்டு கரண்டிகளை முதுகோடு முதுகாகப் பிடித்துத் தொடையில் தட்டித் தாளம் போடுவார்கள். அதைத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. படிவத்தில் பிழை வந்துவிடும் என்று பயம்.

திருத்த வேலைக்காக இளவேனில் முழுவதும் மதுச்சாலையை மூடினார்கள். கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டப்பட்டது: அயலவர்கள் எதிர்ப்பு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம். ஒரு கடிதம் போதும், எல்லாம் நாறிவிடும். அதனால் நான் வீடுவீடாகப் போனேன். மேல்மாடியில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போய் அவருடைய பூனையைப் பற்றி விசாரித்தேன். இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்கும் ஹெய்ற்றி நாட்டுத் தாதியிடம், சனிக்கிழமையை அவருக்கு ஓய்வான ஞாயிறாக மாற்றுவதாக வாக்குக் கொடுத்தேன். எதிரே இருந்த கார்டரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், பொறுப்பாளரோடு கோப்பி குடித்தேன். ஓர் எதிர்ப்பும் வரவில்லை. எதிர்க்கக்கூடியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்வந்த நான், எதிர்ப்பே இல்லாத ஒருவரின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

முதல் நிகழ்ச்சிக்கான போஸ்ரரை முதலாளி அம்மா அழகாக அச்சடித்திருந்தார். வயலினும் டோல்கியும் வரைந்த படம். அதை ஃபோனில் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினார். அறிவித்தல் சேர்ந்தது, பெற்றவர் ஒப்புக்கொண்டார் என்று என் மனக்கோப்பை மூடினேன்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்குச் சனம் நிறைந்துவிட்டது. மூலை மேசை இருந்த இடத்தில் மேடை. மேடையில் இரண்டு கதிரைகள். சாரதி ஒன்றில் இருந்து வயலினைச் சுருதி கூட்டியபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றேகாலுக்கு நான் வெளியே போய் ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"வீட்டில."

"இஞ்ச எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். கெதியா வாங்கோ."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"போஸ்ரர் அனுப்பினனான் எல்லே?"

"ஓம், வந்தது. றோட்டில போறவனும் அதைத்தானே பாத்தவன்."

"நீங்கள் இல்லாம என்னெண்டு அண்ணை? இப்பவாவது வாங்கோவன்."

"ஃபோன் அடிச்சு எடுப்பிக்க நான் என்ன பீட்சாவே, ஒபிசர்?"

அவர் கோபப்படவில்லை. நான் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

நம்மவர்களுக்குள் அழைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கார்ட் வந்தால் போதாது. வீட்டுக்கு வந்து, வாயால் சொல்லவேண்டும். இந்த அண்ணையே தன் மகளின் கலியாணத்துக்கு, பனி கொட்டிய நாளில், மனைவியோடு எங்கள் படியேறி வந்து, "நீங்கள் ரெண்டுபேரும் கட்டாயம் வரவேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருந்தார். எல்லா நடைமுறையும் அறிந்தவன், படிவம் இல்லாத ஒரேயொரு நடைமுறையை மறந்துவிட்டேன்.

சாரதி தனியாக வாசித்தார். சனம் கைதட்டியது. இரண்டாவது கதிரையை யாரோ எடுத்துத் தங்களுக்குப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாளே நான் போயிருக்கவேண்டும். போகவில்லை. உரிய முறையில் அறிவித்தாயிற்று, அவருடைய முறைப்பாட்டுக்கு ஆதாரமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கோடை போனது. ஒரு மரப்பெட்டிமேல் ஏறி இருந்து அதைக் கையால் தட்டும் ஓர் இளம் பெண், சாரதிக்குப் பக்கத்தில் நிரந்தரமானாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள். இலை உதிரும் காலத்தில் அண்ணையும் மனைவியும் ரொக்ஸ்பரோவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகுதான் போனேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு, திராட்சைப்பழமும் பிஸ்கற் பெட்டியும் வாங்கிக்கொண்டு, முறையாக. படியிலேயே நின்று, கதிரையில் இருக்குமுன் சொன்னேன்:

"அண்ணை, வாற ஞாயிறு மூண்டு மணிக்கு. நீங்கள் கட்டாயம் வரவேணும். நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"அதுக்கென்ன. முதல்ல உள்ள வாங்கோ. குளிர்."

கண்ணாடி அலுமாரியிலிருந்து, வெளியாட்களுக்கென்று வைத்த தங்கக்கரை போட்ட கோப்பைகளை அவர் மனைவி இறக்கினார். இரண்டு குடும்பமும் அத்தனை வருடம் பழகியதில் அந்தக் கோப்பைகள் எங்களுக்காக வெளியே வந்ததில்லை. சாரதி சுகமா என்று அண்ணை கேட்டார். சுகம், உங்களைத்தான் கேட்கிறார் என்றேன். அவர் பிஸ்கற் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"டோல்கியை இஞ்ச கோயில் பாட்டுக்காரருக்குக் குடுத்திட்டன். வீட்டில வைச்சு என்ன செய்யிறது?"

"ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு வரலாமே அண்ணை."

"ஓம், ஓம். பாப்பம்."

எங்கள் ஊர்களில் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ரயில் நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்பினார். எந்தப் பக்கத்து மேடையில் நிற்கவேண்டும் என்று காட்டினார், என் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்தார், பிஸ்கற்றுக்கு நன்றி சொன்னார். ரயிலில் ஏறி இருந்தபிறகுதான், அந்தப் பின்னேரம் முழுவதும் ஒருதடவைகூட அவர் என்னை ஒபிசர் என்று கூப்பிடவில்லை என்பது உறைத்தது.