ஹேன்லன் வயல்

"பிரிட்ஜட், அந்த டிரிப் ஸ்டாண்டை இந்தப் பக்கம் நகர்த்து" என்று மேட்ரன் சொன்னபோது வார்டில் நாங்கள் மூன்று நர்சுகள் இருந்தோம். எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. நான்தான் போய் நகர்த்தினேன். தன் வாயிலிருந்து வந்த பெயரைத் தானே கேட்காதவர்போல அவர் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலையாளி சிஸ்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பிரிட்ஜட் யாரென்று எனக்கு மட்டும் தெரியும். அவள் பிறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

மேட்ரன் அயர்லாந்துக்காரர். நான் குவைத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மருத்துவமனைக்கு வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய், தம்பி பார்த்துவரும் குடும்பப் பண்ணையில் தங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்குள் தன் முன்னோர்களின் கதையைத் தம்பி பிள்ளைகளுக்காக எழுதி முடிக்க ஆசை. பழைய கோவில் பதிவேடுகளும் நிலக் கணக்குகளும் இப்போது கணினியிலேயே கிடைக்கின்றன. டியூட்டி முடிந்ததும் தன் அறையில் உட்கார்ந்து அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பார். லீவுக்குக் கையெழுத்து வாங்கப் போன ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இது ஞானஸ்நானப் புத்தகம்தானே?" என்று கேட்டேன். பிள்ளை, தகப்பன், தாய், ஞானப் பெற்றோர் என்று கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் கோவிலிலும் அதே வரிசைதான். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் தங்கியிருந்த அப்பாசியாவுக்குப் போகும் பஸ் வரும்வரை அவரோடு உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று.

உருளைக்கிழங்கு அழுகி நாடே பட்டினியில் செத்த காலத்திலும் தங்கள் ஆட்கள் மண்ணை விடாமல் நின்றார்கள் என்பது அந்த வீட்டின் பெருமை. அதை அவர் சொல்லும்போது குரலே மாறும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நல்ல வயலுக்கு ஹேன்லன் வயல் என்று பெயராம். குடும்பத்தில் ஹேன்லன் என்று யாரும் இருந்ததில்லை. சிறு வயதில் காரணம் கேட்டபோது, "வயலுக்கு ஒரு பெயர் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவர் அப்பா எழுந்து வெளியே போய்விட்டாராம்.

ஜன்னலெல்லாம் மஞ்சளாகும்படி தூசிக்காற்று அடித்த ஒரு மாலையில் ஹேன்லன்கள் அகப்பட்டார்கள். அதே கிராமத்தில், அதே நிலத்தில் குடியிருந்த குடும்பம். கடைசியாக அவர்களுக்குப் பிறந்த பெண் பிரிட்ஜட். அவளுடைய ஞானத்தாயின் பெயரைப் படித்ததும் மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அது அவர் அப்பாவின் கொள்ளுப்பாட்டி. பஞ்சத்துக்குப் பிறகு அந்தப் பதிவேட்டில் ஹேன்லன் என்ற பெயரே இல்லை. பிறப்பில்லை, கல்யாணமில்லை, அடக்கமும் இல்லை. நிலக் கணக்கில் மட்டும் அந்தப் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே மேட்ரனின் முன்னோர் பெயரை எழுதியிருந்தார்கள்.

"கப்பலேறிப் போயிருக்கலாம் மேடம்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். அமெரிக்கா போன கப்பல்களின் பயணிகள் பட்டியல்களில் எல்லாம் தேடினார். அந்தப் பெயரில் எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். இவள்தான் என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. வார்டில் பெயர் மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

தம்பியிடம் அவர் போனில் பேசியபோது நான் அறையில் இருந்தேன். "நாம யாரையும் விரட்டலையே. சும்மா கிடந்த நிலம்தானே" என்று தம்பி சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. "சும்மா கிடந்தது என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் மேட்ரன். அதே சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்டிருக்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்த அன்று, அடுத்த வீட்டு லூர்து அண்ணன், அவர் மனைவி, என்னோடு படித்த அவர்கள் மகள் ஜெனி மூவரும் அலையோடு போனார்கள். ஜெனி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்கள் வீடு இருந்த இடத்தில் முதலில் அப்பா வலையைக் காயப்போட்டார். பிறகு கோழிக்கூடு வந்தது. நான் குவைத்துக்கு வந்து பணம் அனுப்பியதும் அங்கே அடுக்களை கட்டினோம். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, அடுக்களைய நாம ஏன் இன்னும் லூர்துக்க வீடுன்னே சொல்லுதோம்?"

"பின்ன என்னன்னு சொல்ல? அவனுக்க வீடுதான மக்ளே."

குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவே சொன்னாள். "தீ பத்த வைக்கதுக்கு முன்னால நான் சொல்லிட்டுத்தான் பத்த வைப்பேன்."

"யாருட்ட?"

"ஜெனிட்ட. பிள்ளை சூடு படாம தள்ளி நிக்கட்டும்னு."

இத்தனை வருஷமாக லீவுக்குப் போகும்போதெல்லாம் அதே அடுக்களையில் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவள் உதடு அசைவதை ஏதோ செபம் என்றே நினைத்திருந்தேன்.

மேட்ரன் கடைசியாக அறையைக் காலிசெய்த அன்று இதை அவரிடம் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "அந்தக் குழந்தை தள்ளி நிற்கிறதா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. "தெரியவில்லை மேடம்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் போய்ச் சேர்ந்தபிறகு அவர் அந்தக் கதையை எழுதவேயில்லை. பண்ணைவீட்டில் தூக்கம் வரவில்லை என்று பக்கத்து ஊரில் வாடகைக்குக் குடிபோய்விட்டார். இருந்தாலும் தினமும் நடந்துவந்து வயலைப் பார்க்கிறாராம். "வயலின் கேட்டைத் திறக்குமுன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தம்பி நினைக்கிறான்" என்று போனில் எழுதியிருந்தார். பதிலுக்கு அம்மாவின் அடுக்களைப் படம் ஒன்றை அனுப்பினேன்.

இந்த நவம்பரில், இறந்தோர் நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்க இங்குள்ள கோவில் அலுவலகத்துக்குப் போனேன். தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். லூர்து அண்ணன் பெயரையும் அவர் மனைவி பெயரையும் சொன்னேன். பிறகு ஜெனி, பிரிட்ஜட் என்றேன்.

"இந்த ரெண்டு பேரும் ஒங்க ஆளுவளா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு."

"இறந்த தேதி?"

"தெரியாதுண்ணே."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இறந்துட்டாவல்லா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். என்னால் முடியவில்லை.

"எழுதிக்கிடுங்க" என்றேன்.