ஸ்டாண்ட்பையில் ஒரு காதுகுத்து

தனியார் ஜெட் ஓட்டுகிறேன் என்றால் கேட்பவர்களுக்குக் கண் விரிகிறது. பறக்கிற நேரம் சொற்பம், காத்திருப்பதுதான் என் உத்தியோகம் என்றால் யார் நம்புகிறார்கள்? பணக்காரர் எப்போது கிளம்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் மாதத்தில் பாதி நாள் எனக்கு ஸ்டாண்ட்பை. வீட்டில் இருக்கலாம், கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். கோவளத்தில் வீடு, எதிரே கடல். ஸ்டாண்ட்பை நாளில் அதில் கால் நனைத்ததில்லை. குளிக்கும்போதுகூட போன் சோப்பு டப்பா பக்கத்தில் இருக்கும். இருப்புக் கொள்ளாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். "உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்பாள் மனைவி.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அக்காவுக்குப் பிறந்த ஒரே பெண், மூன்று வயது. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். குறித்த நாள் டூட்டி அட்டவணையில் எனக்கு விடுமுறை. முந்தின வாரம் அதை ஸ்டாண்ட்பை ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊர் செங்கல்பட்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அங்கிருந்து தாம்பரம் நெரிசலில் நீந்தி நேரத்துக்குப் போவது நடக்கிற காரியமா? அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடா, வெளாட்றியா? பத்திரிகை வெச்சாச்சு. பிளேன் ஓட்றவன் மடி இல்லன்னா பஸ் டிரைவர் மடில ஒக்கார வெச்சிடட்டா?"

அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். "திருப்போரூர் கோயில்ல வெச்சிக்கலாம்டா. உனுக்கு அது கிட்டதான?"

சொந்தம் மொத்தத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். யூனிஃபார்மைக் காரில் வைத்து, காரை ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை என் மடியில் இருந்தாள். நகை செய்யும் பத்தர் ஒரு காதைக் குத்தித் தோடு போட்டார். கோயிலே அதிர அழுதாள். அடுத்த காதுக்குக் கையைக் கொண்டுபோனார், என் சட்டைப் பையில் போன் அடித்தது.

"கேப்டன், மும்பை ட்ரிப். பார்ட்டி கிளம்பிட்டாங்க. உடனே வரணும்" என்றாள் ஆபீஸ் பெண்.

பத்தர் கையை எடுத்த அந்த நொடியில் குழந்தை நழுவி ஓடி அக்காவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். பிடிக்கப் போனால் வீல் என்று கத்தினாள். எனக்கோ நிற்க நேரமில்லை. "மீதிய அவ சித்தப்பா மடில குத்திடலாமே" என்று யாரோ சொன்னார்கள்.

"ஒரு காதுக்கு மாமன், இன்னோரு காதுக்கு வேற ஆளா? அதெல்லாம் வோணாம். நீ போடா" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமலே. அந்தப் 'போடா'வில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம்.

கிளம்பிவிட்டதாகச் சொன்ன மனிதர் பொழுது சாய்ந்துதான் வந்தார். என் டூட்டி நேரம் தீர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அது தீர்ந்துவிட்டால் சட்டப்படி நான் விமானத்தைத் தொடக்கூடாது. அவர் வரும்வரை, தொலையட்டும், வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்து ஏறினார். நானும் சிரித்து வெல்கம் சார் என்றேன்.

அடுத்து விடுமுறை கிடைத்ததும் நேராக ஊருக்குப் போனேன். ஒற்றைத் தோட்டோடு தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி வந்து மடியில் வைத்தேன். பத்தர் தயாரானார். அவள் அழவில்லை. என் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள். அணைத்து வைத்திருந்த போன் அது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"மாமா, போனு வர்லியா?"

எங்கள் குடும்பத்தில் அந்தப் போன் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

"வராதும்மா. இன்னிக்கி மாமாவுக்கு லீவு" என்றேன்.

அதைக் கேட்டதும்தான் அழ ஆரம்பித்தாள்.