உள்ளங்கையில் நான்கு வெட்டு

ஆஸ்பத்திரிப் பதிவறையில் அவளை எல்லோரும் ஃபைலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், செத்துப்போன அக்காவின் பெண்ணைத் தன் பெண்ணாக வளர்த்து ஆளாக்கியவள். எந்த வருஷத்துக் காகிதம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். ஜன்னலோரத்துக் கடைசி அலமாரிக்கு மட்டும் போகமாட்டாள். "முட்டி வலிக்குதுப்பா, நீயே போய் எடுத்துக்கோயேன்" என்பாள்.

ஒரு நாள் அறுவைசிகிச்சைப் பேராசிரியை படிவக் கட்டோடு வந்தார். முப்பது வருஷத்துக் கத்திக்குத்துக் காயங்களை ஆராயப்போகிறாராம். காயத்தின் நீளம், ஆழம், உள்ளங்கையில் வெட்டு உண்டா, கூட வந்தவர் என்ன சொன்னார், சொன்னதும் காயமும் பொருந்துகிறதா என்று வரிசையாகக் கட்டங்கள்.

"உள்ளங்கை எதுக்கு டாக்டர்?"

"கத்தி வந்தா கை தானா தடுக்கும்மா. தவறி விழுந்தவங்களுக்கு அங்க அநேகமா வெட்டு இருக்காது. மனுஷங்க என்ன வேணா சொல்லட்டும், கையைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

ஃபைல்களைப் பார்த்து அந்தப் படிவங்களை நிரப்பித் தரும் வேலை ஃபைலம்மாவுக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

புது வருஷத்திலிருந்து பின்னோக்கிப் போனாள். இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய கட்டைப் பிரித்த அன்று, இடது நெற்றிப்பொட்டில் சுருக்கென்று ஒரு குத்து. ஒரு நொடிதான். கையிலிருந்த பேனா தெறித்து விழுந்தது. மறுநாள் மூன்று தரம். பிறகு கணக்கேயில்லை. ஒவ்வொரு குத்துக்கும் யாரோ பின்னால் நிற்பதுபோல் திரும்பிப் பார்ப்பாள்.

"நாள் பூரா கத்திக்குத்தே படிச்சா தலை குத்தாம தாலாட்டா பாடும்?" என்று நர்ஸ் சிரித்தாள். ஆனாலும் கையைப் பிடித்துத் தலைவலி டாக்டரிடம் கூட்டிப்போனது அவள்தான்.

படமெடுத்துப் பார்த்ததில் கோளாறு ஒன்றுமில்லை.

"கற்பனை இல்லம்மா, நிஜ வலிதான். குத்தும், போயிடும். ஆபத்தில்ல. ஏன் வருதுன்னு இன்னும் சரியா யாருக்கும் தெரியல. நானும் அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன். எப்பெப்ப குத்துதுன்னு எழுதிட்டு வாங்க."

எதற்காகக் குத்துகிறது என்பது தனக்குத் தெரியும் என்றுதான் ஃபைலம்மா நம்பினாள். அதை எந்தச் சீட்டில் எழுதுவது?

இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கட்டு வந்தது. இந்தத் தடவை கடைசி அலமாரிக்கு அவளே போனாள். அக்காவின் ஃபைல் ஒல்லியாக இருந்தது. வயிற்றில் ஒரு குத்து, ஆழம் பதினோரு சென்டிமீட்டர். வலது உள்ளங்கையில் நான்கு வெட்டு. கீழே: 'காய் நறுக்கும்போது வழுக்கிக் கத்திமேல் விழுந்ததாக உடன்வந்த தங்கை கூறினார்.' அதற்கடியில் அவளுடைய கையெழுத்து.

அத்தான் அன்று இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காதோரம் சொன்னார்: "நீ வேற மாதிரி சொன்னா, நான் உள்ள போயிடுவேன். இவளை உன் கண்ணுலயே காட்டமாட்டாங்க, என் வீட்டு ஆளுங்க." அவள் டாக்டரிடம் பொய்யைச் சொன்னபோது அக்காவுக்கு நினைவு இருந்தது. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

ஃபைலம்மா அந்த ஃபைலைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போய்விட்டாள். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. திரும்பி வந்து படிவத்தை நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் 'பொருந்தவில்லை' என்று எழுதிப் பேராசிரியையிடம் நீட்டினாள்.

"சொன்னது நான்தான் டாக்டர். குத்தினது எங்க அக்கா புருஷன்."

பேராசிரியை படிவத்தை மேஜைமேல் வைத்தார். "அந்த ஆள் எங்க?" என்றார்.

"நாலு வருஷமாச்சு செத்து."

சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. பெண்ணிடம் சொல்லவேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், "வாங்க சித்தி" என்றவளிடம் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெண் அழவில்லை, கத்தவில்லை.

"அவர் படுக்கையில விழுந்து ரெண்டு வருஷம் நான்தான் ஸ்பூனால ஊட்டினேன். பீ மூத்திரம் அள்ளினேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துட்டுதானே இருந்தீங்க?"

"உன்னை இழந்துடுவேன்னு பயம்மா."

"அது எனக்கு ரெண்டு வயசுல. அவருக்கு ஊட்டினப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. அப்ப என்ன பயம்?"

ஃபைலம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். 

இரண்டு வாரம் கழித்துப் பெண் பதிவறைக்கு வந்தாள். ஃபைலை வாங்கி நின்றபடியே படித்தாள். அந்த நான்கு வெட்டு என்ற வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நானூற்றுச் சொச்சம் காயங்களில் ஐம்பத்தொன்று சொன்னதற்குப் பொருந்தவில்லையாம். மாத்திரையில் குத்து கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பெண் மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், இரண்டு நிமிஷம் பேசுகிறாள். ஆனால் அதன்பிறகு ஒரு தடவைகூட 'சித்தி' என்று கூப்பிடவில்லை.